கொரோனா கால நிவாரணமும் பதிவேட்டில் பெயரில்லாத நம் விவசாயியும்



அன்புச் சொந்தங்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள். வாசித்து முடித்ததும் உங்கள் வாப்பாவுக்கும் காக்காமாருக்கும் காட்டுங்கள். வயல் செய்பவர்களுக்கும், வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டுப் புத்தளத்தில் இருப்பவர்களுக்கும் அவசியம் காட்டுங்கள்.

காலபோகம் தொடங்கும்போதெல்லாம் கமநல சேவை நிலையங்களில் பெயர் பதிகிறார்கள். அப்போதெல்லாம் ஒரே பேச்சுத்தான் காதில் விழுகிறது. "விதைக்கிறது நான். பசளைக் காசு வாறது அவருடைய கணக்குக்கு." இதைச் சாதாரண முறைப்பாடு என்று நாம் தட்டிவிடுகிறோம். ஆனால் இதற்குப் பின்னால் அறுபது வருடத்துக்கும் மேற்பட்ட ஒரு வரலாறு இருக்கிறது. கொரோனா காலம் அந்த வரலாற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் 2020ஐ ஞாபகப்படுத்திக்கொள்வோம்.

மார்ச் நடுப்பகுதியில் பாடசாலைகள் மூடப்பட்டன. மார்ச் 20 மாலை நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. நம் பக்கம் அது காலபோக அறுவடையின் கடைசிக் கட்டம். விவசாய வேலைக்கு ஊரடங்கில் தளர்வு இருந்தது உண்மை. ஆனால் வயலுக்குப் போக அனுமதி இருந்தால் மட்டும் போதுமா? நெல் ஏற்ற லொறி வரவேண்டும். வாங்க ஆள் வரவேண்டும். மரக்கறிக்குச் சந்தை திறக்கவேண்டும். பாலுக்கும் இறைச்சிக்கும் கடை திறக்கவேண்டும். நெல்லுக்கு அரசாங்கம் கிலோ 50 ரூபா என்று உத்தரவாத விலை வைத்திருந்தது. அந்த விலைக்கு விற்றவர் எத்தனை பேர், வீட்டு வாசலுக்கு வந்த வியாபாரியிடம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டவர் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும்.

அந்த ஏப்ரலிலும் மே மாதத்திலும் 5,000 ரூபா கொடுப்பனவு வந்தது. யாருக்கு வந்தது என்பதைக் கவனியுங்கள். ஏறத்தாழ 18 இலட்சம் சமுர்த்திக் குடும்பங்கள், சமுர்த்திக்காகக் காத்திருப்போர் பட்டியலில் இருந்த 6 இலட்சம் குடும்பங்கள், முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளிகள். இவர்களோடு விவசாயிகள் காப்புறுதித் திட்டத்தில் பதிந்திருந்த ஏறத்தாழ 160,000 விவசாயிகள். தொழில் இழந்த வேறு குடும்பங்களும் பின்னர் சேர்க்கப்பட்டன.

எல்லாமே ஏற்கனவே இருந்த பட்டியல்கள். அவசர நேரத்தில் எந்த அரசாங்கமும் மேசையில் கிடக்கும் பட்டியலைத்தான் எடுக்கும். புதிதாக ஆள் எண்ண அதற்கு நேரம் இல்லை. அதில் பிழை சொல்ல முடியாது. அந்தப் பட்டியல் எப்படி எழுதப்பட்டது, அதில் யார் விடுபட்டார்கள் என்பதுதான் நாம் கேட்கவேண்டிய கேள்வி.

பாடசாலை மூடியிருந்த அந்த நாட்களில் ஆசிரியர்களான நாங்கள் சிலர் பள்ளிவாசல் நிர்வாகத்தோடு சேர்ந்து உலர் உணவுப் பொதிக்கான பட்டியல் எழுதினோம். அந்த வருட நோன்பு ஊரடங்குக்குள்தான் பிறந்தது. தராவீஹ் வீட்டில். கஞ்சி வீட்டில். பட்டியலோடு வீடு வீடாகப் போனபோதுதான் எங்களுக்குப் பல விடயங்கள் விளங்கின. ஒரு வீட்டில் மூன்று ஏக்கர் குத்தகைக்குச் செய்கிறார்கள், ஆனால் எந்தப் பதிவேட்டிலும் விவசாயி இல்லை. இன்னொரு வீட்டில் குடும்ப அட்டை புத்தளத்தில், வாக்கு மன்னாரில். இரண்டு பக்கமும் "மற்றப் பக்கம் கேளுங்கள்" என்று பதில் வந்தது. இன்னொரு வீட்டில் பட்டி நிறைய மாடு இருக்கிறது, அதனால் அவர் வசதியானவர் என்று விட்டுவிட்டார்கள். அந்த மாட்டை வாங்க ஆள் இல்லை, பாலை எடுக்க ஆள் இல்லை என்பதை யாரும் எழுதவில்லை.

அது 5,000 ரூபா விடயம். பெரிய அடி அதற்குப் பிறகுதான் வந்தது.

கொரோனாவால் சுற்றுலா வருமானம் நின்றது. நாட்டில் டொலர் வற்றியது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. சேதனப் பசளைக்கு மாறுவதாகக் காரணம் சொன்னார்கள். டொலர் தட்டுப்பாடும் அதற்குள் இருந்தது என்பதை இன்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். நவம்பர் 24 அன்று அரசாங்கம் பின்வாங்கியது. ஆனால் அதற்குள் கட்டுக்கரைக்குளத்துக்குக் கீழேயும், முருங்கன், நானாட்டான், முசலிப் பக்கமும் விதைப்பு நடந்துவிட்டது. மஞ்சள் பிடித்த பயிரை நாம் எல்லோரும் பார்த்தோம்.

2022 ஜனவரியில் அரசாங்கம் நட்டஈடு அறிவித்தது. 11 இலட்சம் நெல் விவசாயிகளுக்கு 40,000 மில்லியன் ரூபா. 2023 ஆரம்பத்தில் இன்னொரு உதவி வந்தது. ஒரு ஹெக்டேயருக்குக் குறைவாகச் செய்தவருக்கு 10,000 ரூபா, ஒன்று முதல் இரண்டு ஹெக்டேயர் வரை செய்தவருக்கு 20,000 ரூபா, அதுவும் வங்கிக் கணக்குக்கு. அதே வருடம் அமெரிக்க உதவியாக வந்த 36,000 தொன் ரி.எஸ்.பி. பசளையும் கமநல சேவை நிலையங்கள் ஊடாகவே பகிரப்பட்டது.

இப்போது இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2020இல் நிவாரணப் பட்டியலில் "விவசாயி" என்ற பெயரில் இருந்தவர்கள் 160,000. 2022இல் நட்டஈட்டுக்கு எண்ணப்பட்ட நெல் விவசாயிகள் 11 இலட்சம். இரண்டு வருடத்தில் விவசாயிகள் ஏழு மடங்கு பெருகவில்லை. எடுத்த புத்தகம் வேறு, அவ்வளவுதான். முதலில் எடுத்தது காப்புறுதிப் புத்தகம். பிறகு எடுத்தது நெற்காணிப் புத்தகம். இந்த இரண்டிலும் இல்லாதவர் இரண்டு முறையும் விடுபட்டார்.

இந்த நெற்காணிப் புத்தகம் எங்கிருந்து வந்தது?

1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் இலங்கைக்கு அரிசி வரவு நின்றது. கூப்பன் வாழ்க்கை ஊருக்கு ஊர் வேரூன்றியது. மூத்தப்பாமார் சொன்ன கூப்பன் கதைகள் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். சாப்பிடுகிறவர்களின் பெயரை அரசாங்கம் வீடு வீடாக எழுதியது அப்போதுதான். பிறகு அது 1979இல் உணவு முத்திரையாகவும், 1989இல் ஜனசவியவாகவும், 1995இல் சமுர்த்தியாகவும், 2023இல் அஸ்வெசுமவாகவும் மாறியது. பெயர் மாறினாலும் ஒவ்வொன்றும் ஒரு பட்டியல்தான்.

விளைவிக்கிறவரின் பெயரை எழுதும் வேலை 1958இல் வந்தது. பண்டாரநாயக்கவின் அரசாங்கத்தில் விவசாய அமைச்சராக இருந்த பிலிப் குணவர்தன நெற்காணிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். நோக்கம் நல்லது. குத்தகைக்குச் செய்யும் விவசாயியை நினைத்தபடி வெளியேற்றக் கூடாது. விளைச்சலில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் காணிக்காரர் எடுக்கக் கூடாது. யார் எந்த வயலைச் செய்கிறார் என்று பதிவேடு வைக்கவேண்டும்.

நடந்தது வேறு. எழுதினால் காணி கைமாறிவிடும் என்று காணிக்காரர்கள் பயந்தார்கள். நாட்டின் பல பகுதிகளில் குத்தகைக்காரர்களை எழுப்பிவிட்டார்கள். எழுப்பாதவர்களும் "எழுத்து வேண்டாம், வாய்ப்பேச்சு போதும்" என்றார்கள். அந்தச் சட்டம் 1979இல் கமநல சேவைகள் சட்டமாகவும், 2000ஆம் ஆண்டில் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டமாகவும் மாறியது. வாய்ப்பேச்சுக் குத்தகை மட்டும் மாறவில்லை. குத்தகைக்காரரைக் காப்பாற்றப் பிறந்த பதிவேடே அவரை ஒளிந்து செய்யவைத்தது. இன்று நம் ஊரில் ஒரு போகத்துக்கு இவருக்கு, அடுத்த போகத்துக்கு அவருக்கு என்று ஆள் மாற்றிக் கொடுக்கிறோமே, அதன் வேரும் இந்தப் பயத்தில்தான் இருக்கிறது.

இந்தப் பயம் நமக்குள் இன்னும் ஆழமாக இருப்பதற்கு வேறு காரணமும் உண்டு. அது 1990.

1990 ஒக்டோபர் கடைசி வாரத்தில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டி, தாராபுரம் சனங்கள் தோணியில் கற்பிட்டிக்குப் போனார்கள். முசலிச் சனங்கள் காட்டு வழியாலும் கடல் வழியாலும் போனார்கள். உறுதியை எடுத்துக்கொண்டு போனவர் கொஞ்சப் பேர்தான். நாங்கள் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் வளர்ந்த தலைமுறை. "நமக்கு வயல் இருக்கு" என்ற கதையைக் கேட்டு வளர்ந்தோம், வயலைக் காணவில்லை. 2009க்குப் பிறகு திரும்பி வந்தபோது வயலில் காடு நின்றது. சில இடத்தில் வேறு ஆள் நின்றார். வேறு சில இடத்தில் வனத் திணைக்களத்தின் எல்லைக்கல் நின்றது. 2017இல் மாவில்லு வனப் பிரதேசம் வர்த்தமானியில் வந்தபோது முசலியின் தென்பக்கச் சனங்கள் மறிச்சுக்கட்டியில் வீதியில் இருந்ததை நாம் மறக்கவில்லை.

பத்து வருடம் ஒருவர் காணியை ஆண்டால் உரிமை கோரலாம் என்பது நாட்டின் பழைய சட்டம். யுத்தத்தால் இடம்பெயர்ந்தவர்களுக்கு அந்தச் சட்டம் அநியாயம் செய்யக் கூடாது என்பதற்காக 2016இல் பாராளுமன்றம் தனியாக ஒரு சட்டமே இயற்றவேண்டி வந்தது. ஆகவே, "குத்தகைக்காரன் பேரை எழுதினால் காணி போயிடும்" என்று நம் ஆட்கள் பயப்படுவது வெறும் கஞ்சத்தனம் அல்ல. ஒருதரம் எல்லாவற்றையும் இழந்தவர்களின் பயம் அது. அதை விளங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால், சொந்தங்களே, விளங்கிக்கொள்வது வேறு, நியாயம் என்பது வேறு.

2022இல் விளைச்சல் விழுந்தபோது உழவுக் காசை இழந்தவர் யார்? விதைநெல் கடனில் விழுந்தவர் யார்? உள்ளங்கையளவு யூரியாவுக்குக் கறுப்புச் சந்தையில் அலைந்தவர் யார்? வயலில் நின்ற குத்தகைக்காரர். பல இடங்களில் அவர் குத்தகைக் காசை முன்கூட்டியே கொடுத்துமிருந்தார். உதவிக் காசு யாருடைய கணக்குக்கு வந்தது? புத்தகத்தில் பெயருள்ளவரின் கணக்குக்கு. அந்தக் காசை எடுத்து, "இது உன்னுடைய நட்டம், உன்னுடைய காசு" என்று கொடுத்த காணிக்காரர்களை எங்களுக்குத் தெரியும். அல்லாஹ் அவர்களுக்கு பரகத் செய்யட்டும். கொடுக்காமல் பேசாமல் இருந்தவர்களையும் தெரியும். அவர்களில் தொழுகையாளிகளும் இருக்கிறார்கள். நம் சமூகம் அரசாங்கத்திடம் நியாயம் கேட்கிற சமூகம். நமக்குள்ளும் அதே நியாயத்தைக் கேட்க வேண்டாமா?

வெளிநாடுகளிலும் இதே பிரச்சினைதானா என்று பார்ப்போம்.

2020 ஏப்ரல் 17 அன்று அமெரிக்க விவசாயத் திணைக்களம் விவசாயிகளுக்கும் மாட்டுப் பண்ணையாளர்களுக்கும் 16 பில்லியன் டொலர் நேரடிக் கொடுப்பனவு அறிவித்தது. செப்டெம்பரில் மேலும் ஏறத்தாழ 14 பில்லியன். இதில் இரண்டு விடயங்கள் நாம் படிக்கவேண்டியவை. முதலாவது, காணி உறுதி யாருடையது என்று மட்டும் பார்க்கவில்லை. விளைச்சலின் இலாப நட்டத்தில் பங்கு உள்ளவர்தான் உரித்துடையவர். காசுக்குக் குத்தகை கொடுத்துவிட்டு நட்டத்தில் பங்கில்லாமல் இருக்கும் காணிக்காரருக்குக் கொடுப்பனவு இல்லை. இரண்டாவது, மாட்டைத் தலை எண்ணினார்கள். ஏப்ரல் 16க்கும் மே 14க்கும் இடையில் ஒருநாளைப் பண்ணையாளரே தெரிந்தெடுத்து, அன்று தன்னிடம் இருந்த மாட்டுக் கணக்கைத் தானே எழுதிக் கையொப்பமிடலாம். பிறகு சிலரைச் சோதிப்பார்கள். அந்தக் கணக்குக்கு முதற் கட்டத்தில் ஒரு மாட்டுக்கு 33 டொலர்.

அங்கேயும் எல்லாம் சரி என்று சொல்லவில்லை. தலைக்கு இவ்வளவு என்றால் நிறைய மாடு உள்ளவருக்கு நிறையக் காசு. ஒருவருக்கு 250,000 டொலர் வரை உச்சவரம்பு இருந்தது. கம்பனிக்கு ஒப்பந்தத்தில் கோழி வளர்த்தவர்கள் முதலில் விடுபட்டார்கள். கறுப்பின விவசாயிகள் உட்படப் பின்தள்ளப்பட்டவர்களின் கடனைத் தீர்க்க 2021இல் வந்த சட்ட ஏற்பாடு நீதிமன்றத்தில் தடைப்பட்டு, அடுத்த வருடம் நீக்கப்பட்டே போனது. பணக்கார நாட்டிலும் பட்டியலுக்கு வெளியே ஆள் நிற்கிறார்.

கடலுக்கு அந்தப் பக்கம் இந்தியாவில், பிரதமர் கிசான் திட்டத்தில் வருடத்துக்கு 6,000 ரூபாய் மூன்று தவணையாகக் கொடுக்கிறார்கள். 2020 ஏப்ரலில் ஒரு தவணையை முன்கூட்டியே போட்டார்கள். ஆனால் காணி பெயரில் உள்ள குடும்பத்துக்கு மட்டும்தான். குத்தகைக்காரருக்கு இல்லை. ஒடிசா மாநிலம் 2018 கடைசியில் தொடங்கிய காலியா திட்டத்தில் பங்குக்குச் செய்பவரையும் காணியற்ற விவசாயக் குடும்பத்தையும் சேர்த்தது. அதாவது, சேர்க்க முடியாது என்று ஒன்றும் இல்லை. சேர்க்க முடிவெடுக்கவேண்டும்.

மாட்டைப் பற்றிச் சொன்னோம். நம் மாவட்டத்தில் மாடு வளர்ப்பவரின் நிலை குத்தகைக்காரரையும் விட மோசம். நெல் விதைத்ததும் பட்டியை வெளியேற்ற வேண்டும். வெளியேற்றினால் மேய்ச்சல் தரை இல்லை. காட்டுக்குள் விட்டால் வழக்கு. 2020 செப்டெம்பரில் மாடறுப்புத் தடைக்கு அமைச்சரவை கொள்கையளவில் அங்கீகாரம் கொடுத்தபோது வாங்குபவர்களும் தயங்கினார்கள். பசளைத் தடைக்கு நெல்லுக்கு நட்டஈடு கிடைத்தது. மாட்டுக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. காரணம் எளிது. வயலுக்கு ஒரு புத்தகம் இருக்கிறது. பட்டி மாட்டில் பெரும்பகுதி எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நமது மார்க்கத்தில் இதற்கு என்ன வழிகாட்டல் இருக்கிறது?

விளைச்சலின் ஸகாத்தை எடுங்கள். மழை நீரில் விளைந்தால் பத்தில் ஒன்று. செலவு செய்து நீர் இறைத்தால் இருபதில் ஒன்று. உழைப்புக்கும் செலவுக்கும் கணக்கு இருக்கிறது. குத்தகை வயலில் யார் கொடுப்பது? நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் விளைச்சலுக்கு உரியவர், அதாவது விதைத்தவர் கொடுக்கிறார். ஸகாத் கொடுக்கும் கடமை விதைத்தவருக்கு, நட்டஈடு எடுக்கும் உரிமை உறுதி வைத்திருப்பவருக்கு என்றால் அது எந்த நியாயம்?

உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள்தான் கொடுப்பனவுக்கு முதன்முதலில் திவான் என்ற பதிவேட்டை அமைத்தார்கள். ஆரம்பத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்குத்தான் கொடுப்பனவு. ஓர் இரவு ஒரு பிள்ளை விடாமல் அழுவதைக் கேட்டு விசாரித்தபோது, கொடுப்பனவுக்காகத் தாய் அவசரமாகப் பால் மறக்கச் செய்கிறாள் என்று தெரியவந்தது. உடனே பிறந்த நாளிலிருந்தே கொடுக்கும்படி விதியை மாற்றினார்கள். பட்டியல் எழுதுவதில் பிழையில்லை. பட்டியலுக்கு வெளியே அழுகிற சத்தம் கேட்டதும் திருத்தவேண்டும். அதுதான் பாடம்.

ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

குத்தகைக்குச் செய்பவர்களே, வாய்ப்பேச்சை விடுங்கள். எத்தனை ஏக்கர், எந்தப் போகம், எவ்வளவு காசு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். இரண்டு சாட்சி வையுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் ஆயத்தை ஓதுகிறோம், வயலுக்கு மட்டும் ஏன் விடுகிறோம்? கமக்காரர் அமைப்பில் சேருங்கள். பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குப் போங்கள். கட்டிய காசுக்கு எடுத்த பற்றுச்சீட்டுகளைக் கிழிக்காமல் வையுங்கள்.

காணிக்காரர்களே, அந்தத் தாளில் "இது இந்தப் போகத்துக்கு மட்டுமான குத்தகை, காணி என்னுடையது" என்று தெளிவாக எழுதுங்கள். உங்கள் பயத்துக்கு மருந்து எழுத்துத்தான், எழுதாமல் விடுவது அல்ல. அதே தாளில் இன்னொரு வரியும் சேருங்கள்: "மானியமோ நட்டஈடோ வந்தால் அது விதைத்தவருக்கு." புத்தளத்தில் இருந்தாலும் கொழும்பில் இருந்தாலும் இதை நீங்கள் செய்யலாம்.

மாடு வைத்திருப்பவர்களே, கால்நடை அலுவலகத்தில் பட்டியைப் பதியுங்கள், காதுக்கு இலக்கத் தகடு போடுங்கள். எண்ணாத மாட்டுக்கு யாரும் காசு தரமாட்டார்கள்.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2020இல் எழுதிய அந்தப் பட்டியல்களை எறிந்துவிடாதீர்கள். வருடம் ஒருமுறை திருத்துங்கள். அரசாங்கப் புத்தகத்தில் இல்லாதவர் நம்முடைய கொப்பியிலாவது இருக்கவேண்டும். அடுத்த நோயோ வெள்ளமோ வரும்போது கிராம அலுவலரிடம் காட்டுவதற்கு நம் கையில் ஒரு தாள் இருக்கும்.

உங்கள் ஊரில் குத்தகை எப்படி எழுதுகிறார்கள், நட்டஈடு எப்படிப் பகிர்ந்தார்கள் என்று கீழே எழுதுங்கள். பெயர் போட்டு யாரையும் ஏசவேண்டாம். விபரம் மட்டும் போதும். எழுதத் தெரியாத வாப்பாமார் யாராவது குத்தகைத் தாள் எழுதவேண்டும் என்றால் அஸருக்குப் பிறகு வரச் சொல்லுங்கள். எழுதிக் கொடுக்க நாங்கள் இருக்கிறோம். அதற்குக் காசு வேண்டாம், துஆ போதும்.

வஸ்ஸலாம்.